இலங்கைக்கு முதல் தடவை பறவை பாக்கப் போறோம், 9 நாள், அம்மாவும் கூட. பிளான் சரியா?

உறையூர் உள்ளான் (திருச்சி) | நவம்பர் 9

வணக்கம் மக்களே. ரொம்ப நாளா படிச்சிட்டு மட்டும்தான் இருந்தேன், இப்பதான் முதல் தடவையா எழுதுறேன். பிப்ரவரியில 9 நாள் இலங்கை போகலாம்னு நானும் அம்மாவும் முடிவு பண்ணிருக்கோம். திருச்சியிலிருந்தே நேரா கொழும்புக்கு ஃப்ளைட் இருக்கு, அதனால போறது வர்றது கவலை இல்ல. பறவை பாக்கறது மட்டும்தான் வேலை, பீச் ஷாப்பிங் எதுவும் கிடையாது. அம்மா சயின்ஸ் டீச்சரா இருந்து போன வருஷம்தான் ரிட்டயர் ஆனாங்க, எனக்கு ஆறாவது படிக்கும்போதே கரைவெட்டி பறவை சரணாலயத்துக்கு கூட்டிட்டுப் போய் பைனாகுலர் பிடிக்கக் கத்துக்குடுத்தவங்க அவங்கதான். அவங்களுக்கு வெளிநாட்டுப் பயணம் இதுதான் முதல். வலது முட்டியில வலி இருக்கு, செங்குத்தா ஏற முடியாது, சமதளம்னா மெதுவா மூணு மணி நேரம் கூட நடப்பாங்க.

என் பிளான்: கித்துல்கல ஒரு நாள், சிங்கராஜ மழைக்காடு ஒரு நாள், உடவளவை ஒரு நாள், யால, புந்தல, ஹோர்ட்டன் சமவெளி, நுவரெலியா, அப்புறம் மன்னார், கடைசி நாள் ஏர்போர்ட். இலங்கையில மட்டுமே இருக்கற பறவைங்க 34ன்னு படிச்சேன், முடிஞ்சா எல்லாத்தையும் பாத்துடணும்னு ஆசை. அனுபவம் உள்ளவங்க சொல்லுங்க, இது நடக்குமா?

---

காரமடை கௌதாரி (கோவை) | நவம்பர் 9

தம்பி, நடக்காதுங்க. கார்லயே ஒன்பது நாளும் போயிரும். மேப்ல இலங்கை சின்னதா தெரியும், ஆனா மலை ரோடு எல்லாம் வளைஞ்சு வளைஞ்சு போறது, 100 கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம், சில இடத்துல நாலு கூட ஆகும். நான் ரெண்டு தடவை போயிருக்கேன், முதல் தடவை நீங்க போட்டிருக்கற மாதிரியே ஒரு பிளான்தான் போட்டேன், எந்த இடத்துலயும் ரெண்டாவது காலை கிடைக்கல. பறவை பாக்கறதுல ரெண்டாவது காலைதான் முக்கியம், முதல் காலையில காடு எங்க இருக்கு எந்தப் பக்கம் சத்தம் வருதுன்னு புரியறதுக்குள்ள ஒன்பது மணி ஆயிருது.

ஒண்ணு புரிஞ்சுக்குங்க. அந்த 34 (33ஆ 34ஆங்கறது எந்த லிஸ்ட்டைப் பாக்கறீங்களோ அதைப் பொறுத்து மாறும்) பறவையும் தீவு முழுக்க சிதறிக் கிடக்கல. முக்காவாசி தென்மேற்குல இருக்கற மழைக்காட்டுலயும் நடுவுல இருக்கற மலையிலயும்தான். தென்மேற்குப் பருவமழை அந்த மலையில மோதி அந்தப் பக்கம் மட்டும் கொட்டுது, மத்த இடமெல்லாம் நம்ம புதுக்கோட்டை சிவகங்கை மாதிரி வறண்ட காடு. வறண்ட பக்கத்துல நீங்க பாக்கற மயில், பனங்காடை, மீன்கொத்தி, பஞ்சுருட்டான் எல்லாம் உங்க ஊர்ல காலைல டீக்கடைக்குப் போற வழியில பாக்கறதுதான். யாலக்கு வெள்ளைக்காரங்க போறாங்கன்னா அவங்களுக்கு அது எல்லாமே புதுசு. நமக்கு அப்படி இல்லைங்க.

அதனால என் யோசனை: கித்துல்கல 2 ராத்திரி, சிங்கராஜ 3 ராத்திரி, நுவரெலியா 3 ராத்திரி. அவ்வளவுதான். உடவளவை யால புந்தல எல்லாத்தையும் எடுத்துருங்க. சிங்கராஜாவுக்கு குடாவ வாசல் பக்கம் தங்குங்க, கலவானை வெத்தாகல வழியா போகணும். அம்மாவுக்கும் அந்தப் பாதைதான் சரி, ஏன்னா அது பழைய லாரி ரோடு. எழுபதுகள்ல பிளைவுட்டுக்கு மரம் வெட்டினாங்க, அப்ப போட்ட ரோடு, அகலமா மெல்ல ஏறி இறங்கும். 1977ல வெட்டறதை நிறுத்தினதும் அப்படியே நடைபாதை ஆயிருச்சு. மரம் வெட்டப் போட்ட ரோட்டுலதான் இன்னைக்கு உலகத்துல இருந்து வந்து பறவை பாக்கறாங்க.

---

வங்காலைக் கொக்கு (மன்னார்) | நவம்பர் 10

தம்பி, முதல்ல அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாறதுக்கு சந்தோசம். நான் மன்னார் ஆள், அதால எங்கட பக்கத்தைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லத்தான் வேணும்.

புந்தல 1990இல இலங்கையிலேயே முதல் ராம்சார் இடமா (உலக அளவில முக்கியமான ஈரநிலம்) அறிவிச்சது, அந்தப் பேரிலதான் இன்னும் கன பேர் போகினம். ஆனா பூநாரை பாக்கத்தான் எண்டால் அங்க போய் ஏமாறாதேங்கோ. கிரிந்தி ஓயா நீர்ப்பாசனத் திட்டம் வந்தாப்பிறகு வயல்ல இருந்து வடியிற நன்னீர் அந்தக் களப்புகளுக்குள்ள (கடலோர உப்பேரி) இறங்கி உப்பு குறைஞ்சு போச்சு. பூநாரைக்கு உப்புத் தண்ணியில இருக்கிற இரைதான் வேணும். இப்ப கூட்டமா பாக்கவேணுமெண்டால் மன்னாருக்குத்தான் வரவேணும். வங்காலை சரணாலயம் 2010இல ராம்சார் ஆச்சு. பெருநிலத்தில இருந்து தீவுக்குப் போற பாலத்து ரோட்டில வாகனத்தை விட்டு இறங்கினாலே போதும், ரெண்டு பக்கமும் சேத்துத் தரையில ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, உள்ளான் எல்லாம் ஆயிரக்கணக்கில நிக்கும். அம்மாவுக்கு ஒரு அடி ஏறவும் தேவையில்லை. தமிழ்லயே எல்லாரோடயும் கதைக்கலாம்.

ஒரு விசயம் உண்மையாச் சொல்லோணும். கொழும்பில இருந்து பறவை பாக்கிற ஆக்கள் மன்னாருக்கு ஓடி வாறது எதுக்கெண்டு தெரியுமோ? கரிச்சான், கௌதாரி, கள்ளிப்புறா பாக்க. இதெல்லாம் இந்த நாட்டில வடக்குப் பக்கம் மட்டும்தான் நல்லா இருக்கு. உங்களுக்கு அது வீட்டு வாசல்ல கரண்ட் கம்பியில இருக்கும். ஆனபடியா ஒன்பது நாள்ல இங்கயும் வா எண்டு நான் வற்புறுத்தேல்ல, கௌதாரி அண்ணை சொன்னது சரி. இன்னொரு முறை தனியா மன்னாருக்கெண்டே வாங்கோ, நாலு நாள் நில்லுங்கோ. 2020 டிசம்பரில இருந்து தென்கரையில 30 காற்றாலை நிக்குது, வலசை வாற பறவை எல்லாம் அதுக்குள்ளால தான் போய் வருது. எங்களுக்கு அது பெரிய கவலை. வெளியில இருந்து ஆக்கள் பறவை பாக்க வந்தால்தான் இந்தச் சேத்து நிலத்துக்கும் ஒரு பெறுமதி இருக்கெண்டு இங்க இருக்கிற அதிகாரிமாருக்கு விளங்கும்.

---

உறையூர் உள்ளான் (திருச்சி) | நவம்பர் 10

ரொம்ப நன்றி அண்ணா ரெண்டு பேருக்கும். அம்மாகிட்ட படிச்சுக் காட்டினேன், "லிஸ்டை விட்டுட்டு இடத்தைப் பாரு"ன்னு நேத்தே சொன்னேனேன்னாங்க. கித்துல்கல, சிங்கராஜ, நுவரெலியா மட்டும்னு மாத்திட்டேன். மன்னாருக்கு அடுத்த வருஷம் கண்டிப்பா வர்றோம்.

சிங்கராஜாவுல மூணு ராத்திரி அவசியமா? காட்டுக்குள்ள பறவையே தெரியாது, ரெண்டு மணி நேரம் சும்மா நடக்கணும்னு ஒருத்தர் சொன்னார்.

---

காரமடை கௌதாரி (கோவை) | நவம்பர் 11

அவர் சொன்னதும் உண்மைதாங்க, அதனாலதான் மூணு ராத்திரி. சிங்கராஜாவுல பறவை ஒண்ணொண்ணா இருக்காது, கூட்டமா நகரும். வேற வேற ஜாதிப் பறவை ஒண்ணா சேந்து காட்டுக்குள்ள இரை தேடிட்டே போகும். அந்தக் கூட்டம் வர்ற வரைக்கும் காடு காலியா இருக்கற மாதிரிதான் தெரியும், பூச்சி சத்தம் மட்டும் கேக்கும். வந்துட்டா இருபது நிமிஷத்துல உங்களுக்கு எதைப் பாக்கறது எதை விடறதுன்னு தெரியாது.

பேராசிரியர் சரத் கொட்டகமவும் அவர் கூட இருந்தவங்களும் 1981ல இருந்து அந்தக் கூட்டங்களைக் கணக்கெடுத்திருக்காங்க. சராசரியா ஒரு கூட்டத்துல 40 பறவை, 11 வகை. முன்னாடி போறது ஆரஞ்சு அலகு தவிட்டுக்குருவி, நம்ம தவிட்டுக்குருவி மாதிரியே ஓயாம சளசளன்னு பேசிட்டே போகும். அது கூடவே கொண்டைக் கரிச்சான். இந்தக் கரிச்சான் செய்யற வேலை இருக்கே, அது மத்த பறவைங்க குரலை அப்படியே பேசும். சும்மா விளையாட்டுக்கு இல்ல, மத்த பறவை குரல்ல கூப்பிட்டு கூட்டத்தைச் சேக்கும்னு ஆராய்ச்சி பண்ணி கண்டுபிடிச்சிருக்காங்க. தவிட்டுக்குருவி இலையைக் கிளறக் கிளற பூச்சி பறக்கும், கரிச்சான் அதைப் பிடிச்சுக்கும், பதிலுக்கு பருந்து வந்தா முதல்ல கத்தறதும் அதுதான்.

அதனால ஓடாதீங்க. ஒரு நல்ல வளைவைப் பாத்து நில்லுங்க, அம்மாவுக்கு மடக்கற ஸ்டூல் ஒண்ணு எடுத்துட்டுப் போங்க. காட்டுல வனத்துறை கைடு இல்லாம விடமாட்டாங்க, டிக்கெட் எடுக்கற இடத்துலயே ஒருத்தர் கூட வருவார். அவர்கிட்ட முதல்லயே சொல்லிருங்க, தூரம் போக வேண்டாம், ஒரு இடத்துல நிப்போம்னு. சொல்லலைன்னா ஆராய்ச்சி நிலையம் வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு திரும்பிருவாங்க.

---

நெல்லை ஜூம் (பாளையங்கோட்டை) | நவம்பர் 12

நானும் ஜனவரியில போறேன், அதனால ஒண்ணு கேக்கேன். எனக்கு முக்கியமா வேண்டியது செரண்டிப் ஆந்தை போட்டோ. போன தடவை போன கூட்டாளி சொல்லுதான், ப்ளூடூத் ஸ்பீக்கர்ல அதோட குரலைப் போட்டா பக்கத்துல வந்து உக்காந்துடும்னு. பறவை குரல் ஆப்ல எல்லாம் இருக்கு. ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போலாமா, கைடுமாரே போடுவாங்களா?

---

வேடந்தாங்கல் வாசுகி (செங்கல்பட்டு) | நவம்பர் 12

தம்பி, எடுத்துட்டுப் போகாதீங்க. கோவமா சொல்லல, நான் செஞ்சு பாத்துட்டு சொல்றேன்.

நான் போனது ஏப்ரல்ல. நுவரெலியா பக்கம் ஹக்கல தோட்டத்துல எங்க கைடு ஒரு சின்ன ஸ்பீக்கரை எடுத்து நீல ஈப்பிடிப்பான் குரலைப் போட்டார். ரெண்டு நிமிஷத்துல வந்துச்சு, எங்களுக்கு ஆறடி தூரத்துல கிளையில உக்காந்துச்சு, நான் சந்தோஷமா போட்டோ எடுத்தேன். பத்து நிமிஷம் அந்தக் கிளைக்கும் பக்கத்துக் கிளைக்கும் பறந்துட்டே இருந்துச்சு, தொண்டை துடிச்சுட்டே இருந்துச்சு. அப்புறம் ரூம்ல வந்து போட்டோவைப் பெருசு பண்ணிப் பாத்தா அலகுல ஒரு பச்சைப் புழு. எல்லா போட்டோவுலயும் அதே புழு. குஞ்சுக்குக் கொண்டுபோக எடுத்த இரையை வாயில வச்சுக்கிட்டே இல்லாத ஒரு எதிரியைத் தேடிட்டு இருந்திருக்கு. எங்களுக்குப் பின்னாடியே இன்னொரு குரூப் நின்னுட்டு இருந்தாங்க, அவங்க கைடும் ஸ்பீக்கர் வச்சிருந்தார். நான் அந்தப் படத்தை இதுவரைக்கும் யாருக்கும் அனுப்பல.

ஒரு நாள் ஒருத்தர் போட்டா பெருசா ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லுவாங்க. ஆனா டிசம்பர்ல இருந்து ஏப்ரல் வரைக்கும் தினமும் ரெண்டு குரூப் அதே வளைவுல அதே ஜோடியைக் கூப்பிட்டா? அது குரல்னா என்னன்னு நினைச்சுப் பாருங்க, "இது என் இடம்"னு சொல்ற பட்டா மாதிரி. தினமும் யாரோ வீட்டு வாசல்ல வந்து நின்னு இது என் வீடுன்னு கத்தினா நாம நிம்மதியா சமைக்க முடியுமா?

---

இரவாடி (சத்தியமங்கலம்) | நவம்பர் 13

வாசுகி அக்கா சொன்னதை அப்படியே ஏத்துக்கறேன். அந்த ஆந்தையைப் பத்தி கொஞ்சம் சொல்றேன், அதுக்கப்புறம் யாருக்கும் ஸ்பீக்கர் போட மனசு வராது.

தீபால் வரகாகொட அப்படிங்கற பறவையியலாளர் 1995ல கித்துல்கலயில ராத்திரி ஒரு குரல் கேட்டார். எந்தப் பறவைன்னு அவருக்கே தெரியல. விடாம ஆறு வருஷம் தேடி 2001 ஜனவரி 23ஆம் தேதி சிங்கராஜாவுல கண்ணால பாத்தார். 1868க்கு அப்புறம் இலங்கையில புதுசா ஒரு பறவை இனம் கண்டுபிடிச்சது அதுதான். உள்ளங்கையை விட கொஞ்சம் பெருசு, செம்மண் கலர், மத்த சின்ன ஆந்தைக்கு இருக்கற காதுமுடி இதுக்கு இல்ல. தரையிலிருந்து இடுப்பு உயரத்துல, மூங்கில் புதர், காஞ்ச இலை நடுவுல பகல் முழுக்க தூங்கும். 2004ல அதுக்கு வச்ச அறிவியல் பேரு ஓட்டஸ் திலோஹாஃப்மன்னி. திலோ ஹாஃப்மன் யாருன்னா, கௌதாரி அண்ணா மேல சொன்னாரே பிளைவுட்டுக்கு மரம் வெட்டினது, அதை நிறுத்தப் போராடினவர். அவர் காப்பாத்தின காட்டுல யாரும் பாக்காம ஒளிஞ்சிருந்த பறவைக்கு அவர் பேரையே வச்சிருக்காங்க.

இதை எப்படிப் பாக்கறதுன்னா, அந்தப் பகுதி கைடுங்களுக்கு பகல்ல அது தூங்கற இடம் தெரியும், காலையிலயே ரெண்டு மூணு புதரைப் போய் பாத்துட்டு வந்து உங்களைக் கூப்பிடுவாங்க. ஒரே ஒரு நிமிஷம், ஃப்ளாஷ் இல்லாம, பேசாம, ரெண்டு போட்டோ, திரும்பி வந்துடணும். அது கண்ணைத் திறந்து உங்களைப் பாக்க ஆரம்பிச்சா நீங்க ரொம்ப நேரம் நின்னுட்டீங்கன்னு அர்த்தம்.

---

நெல்லை ஜூம் (பாளையங்கோட்டை) | நவம்பர் 13

வாசுகி அக்கா, ஸ்பீக்கர் எடுத்துட்டுப் போகல. கைடுகிட்டயும் முன்னாடியே சொல்லிருதேன், எனக்காக போட வேண்டாம்னு. அந்தப் புழு விஷயம் படிச்சதுல இருந்து மனசு கேக்க மாட்டேங்கு.

---

தலவாக்கலை தையல்சிட்டு (நுவரெலியா மாவட்டம்) | நவம்பர் 15

உறையூர் தம்பி, நான் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை, எங்க தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவங்கன்னு சொல்லுவாங்க. நீங்க மூணு ராத்திரி நிக்கப் போற ஊரப் பத்தி சொல்றேன்.

முதல்ல விக்டோரியா பார்க். டவுனுக்கு நடுவுல பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்த்தாப்புல பூந்தோட்டம், ஐஸ்கிரீம், பிள்ளைகளுக்கு ஊஞ்சல். பாத்தா இங்க என்ன பறவை இருக்கப்போகுதுன்னு நினைப்பீங்க. உள்ள ஒரு அழுக்குக் கான் ஓடுது, டவுன் கழிவு கலந்த தண்ணி, மணம் தாங்காது. அந்தக் கானுக்கு ரெண்டு கரையிலயும் புதர் இருக்கு. அங்கதான் காஷ்மீர் ஈப்பிடிப்பான், பைட் த்ரஷ், ஆறுமணிக்குருவி மூணும். காஷ்மீர் ஈப்பிடிப்பான் குஞ்சு பொரிக்கிறது காஷ்மீர்ல, பனிக்காலத்துக்கு வர்றது எங்க மலைக்கும் உங்க நீலகிரிப் பக்கத்துக்கும்தான். இவ்வளவு தூரம் பறந்து வந்து அந்தக் கான் கரையில நாலஞ்சு மாசம் இருக்கு. ஏன்னா அழுக்குத் தண்ணியில கொசுவும் பூச்சியும் நிறைய. பின்னேரம் நாலு மணிக்கு மேல போங்க, ஆள் நடமாட்டம் கொஞ்சம் குறையும்.

ஆறுமணிக்குருவிக்கு சிங்களத்துல அவிச்சியா. அதுக்கு ஒரு கதை இருக்கு, எங்க லயத்துக்கு (தோட்டத்து வரிசை வீடு) பக்கத்துல இருந்த சிங்கள ஆச்சி சொன்னது. முன்ன ஒரு காலத்துல அழகான உடுப்பு அந்தக் குருவிகிட்டதான் இருந்துச்சாம், மயில் கல்யாணத்துக்குப் போட்டுகிட்டு தர்றேன்னு இரவல் வாங்கிட்டுப் போய் திருப்பித் தரவே இல்லையாம். அதனாலதான் அது "ஆயித்தம் ஆயித்தம்"னு, என் உடுப்பு என் உடுப்புன்னு கத்திகிட்டே இருக்காம்.

ஹோர்ட்டன் சமவெளிக்கு விடிய முந்தி வெளிக்கிடணும். பட்டிபொல வாசலுக்குப் பக்கத்துல ரோட்டோரத்துல ஒரு சின்னக் குட்டை இருக்கு, அரெங்கா குட்டைன்னு சொல்லுவாங்க. இலங்கை விசிலிங் த்ரஷ்ஷை வெளிச்சம் வர்ற நேரத்துலயும் மங்குற நேரத்துலயும்தான் பாக்க முடியும், ஊசி மாதிரி மெல்லிசா ஒரு சத்தம் போடும். அந்த இடத்துக்கு வாகனத்துலயே போகலாம், அம்மாவுக்கு உலக முடிவுங்கற மலை விளிம்பு வரைக்கும் நடக்க வேண்டிய தேவையில்ல. காலைல நல்ல குளிர், ஸ்வெட்டர் கையுறை ரெண்டும் வேணும். சாப்பாட்டை பொலித்தீன்ல கட்டாதீங்க, வாசல்ல பிரிச்சு எடுத்துடுவாங்க. கட்டணம் கட்டுறப்ப பாஸ்போர்ட் காட்டுங்க, சார்க் நாட்டு ஆளுங்களுக்கு சில இடத்துல குறைச்ச ரேட் இருக்கு.

அட்டைக்குப் பயப்படாதீங்க. கொழுந்து எடுக்கப் போறப்ப எங்க அம்மா காலுல சவர்க்காரத்தை ஈரமா தேச்சுகிட்டு போவாங்க, அது காய்ஞ்சு ஒரு படை மாதிரி இருக்கும், அட்டை ஏறாது. காலுறைக்கு மேலயும் தேச்சுக்கலாம். ஏறிட்டா நகத்தால அடியில தள்ளி விடுங்க, உப்பு நெருப்பு எல்லாம் வேண்டாம்.

---

உறையூர் உள்ளான் (திருச்சி) | நவம்பர் 15

அக்கா, இந்த ஆறுமணிக்குருவி கதையை அம்மாகிட்ட சொன்னதும் ரொம்ப நேரம் பேசாம இருந்தாங்க. ஒரு அக்டோபர் மாசம், நான் காலேஜ்ல இருந்தப்போ, எங்க வீட்டுக் கொல்லையில ஒண்ணு சுவத்துல மோதி விழுந்து கிடந்துச்சு. அம்மா அதை ஷூ டப்பாவுல துணி போட்டு மூடி இருட்டான ரூம்ல வச்சாங்க, சாயங்காலம் திறந்து பாத்தா எழுந்து நின்னுச்சு, வேலியோரமா விட்டோம். அது தெற்கேதான் போயிருக்கும். போய் சேந்துச்சான்னு அம்மா இன்னைக்கும் கேப்பாங்க.

---

உறையூர் உள்ளான் (திருச்சி) | பிப்ரவரி 26

போயிட்டு வந்துட்டோம். வந்து நாலு நாள் ஆச்சு, அம்மா நோட்டுல எழுதினதை எல்லாம் பாத்து எழுதுறேன், நீளமா இருக்கும்.

கித்துல்கல ரெண்டு ராத்திரி. காட்டுக்குப் போக களனி ஆத்தைத் தாண்டணும், அதுக்கப்புறம் ஊருக்குள்ள கொஞ்ச தூரம் படிக்கட்டு, அம்மா மெதுவா ஏறிட்டாங்க. காட்டுக்குள்ள போறதுக்கு முன்னாடி வீட்டுத் தோட்டங்கள்லயே நிறைய கிடைச்சுது, பலாமரம் பாக்குமரம் மிளகுக்கொடின்னு கேரளா மாதிரி. செம்முதுகுச் சின்ன ஆந்தை ஒண்ணு பட்டப்பகல்ல பாக்குமரத்துல உக்காந்து கூப்பிட்டுட்டே இருந்துச்சு. ரெண்டாவது நாள் கைடு தம்பி காலைல ஏழு மணிக்கு போன் பண்ணி "அக்கா இருக்கு"ன்னார். அம்மாவைத்தான் அக்கான்னு கூப்பிட்டார், அவருக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். போனோம். ஒரு ஈரமான சரிவு, அம்மாவை ரெண்டு பேரா பிடிச்சு இறக்கினோம். அவர் கையை நீட்டின இடத்துல காஞ்ச இலை மட்டும்தான் தெரிஞ்சுது. அப்புறம் அந்த இலையில ஒண்ணு மூச்சு விட்டுச்சு. நெஞ்சுப் பக்கம் மெல்ல ஏறி இறங்குது. சின்னச் சின்னக் கருப்புப் புள்ளி, மூடின கண்ணுக்கு மேல ஒரு ஓரம் மட்டும் கொஞ்சம் வெளுப்பு. அம்மா போட்டோவே எடுக்க விடல, பாத்துட்டு திரும்பிட்டோம். மேல ஏறி வந்ததும் நோட்டுல "திலோ" அப்படின்னு மட்டும் எழுதினாங்க.

சிங்கராஜ மூணு ராத்திரி, வெத்தாகலயிலிருந்து குடாவ போற ரோடு ஜீப்ல உடம்பெல்லாம் குலுங்கிடுச்சு, முட்டி வலி உள்ளவங்க ஒரு தலகாணி எடுத்துட்டுப் போங்க. முதல் நாள் காலைல மூணு மணி நேரம் எங்களுக்கு கிடைச்சது நாலு பறவை. கௌதாரி அண்ணா சொல்லலைன்னா அன்னைக்கே மனசு விட்டிருப்போம். ரெண்டாவது காலை அதே பாதையில ஒரு வளைவுல ஸ்டூல் போட்டு அம்மாவை உக்கார வச்சோம். எட்டேகால் மணிக்கு முதல்ல தூரத்துல சளசளன்னு ஒரு சத்தம். கைடு விரலைத் தூக்கினார். அப்புறம் திடீர்னு எங்க தலைக்கு நேர் மேல பருந்து கத்துற மாதிரி ஒரு குரல், நான் பைனாகுலரைத் தூக்கினா அங்க பருந்து இல்ல, கொண்டைக் கரிச்சான். அடுத்த நிமிஷம் அதே பறவை வேற ஏதோ குருவி மாதிரி கொஞ்சுது. அப்புறம் வந்தது பாருங்க, ஆரஞ்சு அலகு தவிட்டுக்குருவி ஒரு முப்பதாவது இருக்கும், சாம்பல் தலை சிரிப்பான் தரையோரமா, மலபார் ட்ரோகன் ஜோடி, ப்ளூ மேக்பை நாலு, அந்த நீலமும் செங்கல் கலர் தலையும் சிவப்புக் கண் வளையமும் நிழல்ல கூட பளிச்சுன்னு இருக்கு. எல்லாத்துக்கும் மேல மர உச்சியில ஒரு கொடிப் புதர்ல ஏதோ கனமா நகர்ந்துச்சு, அம்மாதான் முதல்ல பாத்தாங்க, "சிவப்பு மூஞ்சி, சிவப்பு மூஞ்சி"ன்னாங்க. செம்முகப் பூங்குயில். ஒரு வெட்டுக்கிளியைப் பிடிச்சு கிளையில தேச்சு தேச்சு முழுங்கிச்சு. இருபத்தஞ்சு நிமிஷம் எங்களைச் சுத்தியே இருந்துட்டு சரிவுல இறங்கிப் போயிடுச்சு, அப்புறம் மறுபடியும் பூச்சி சத்தம் மட்டும்தான். நாங்க எண்ணினது 13 வகை. அம்மா ஸ்டூலை விட்டு எழுந்திரிக்கவே இல்ல.

பச்சை அலகு செண்பகம் மூணு நாளும் குரல் மட்டும்தான், விடியக்காலம் கேட்டுச்சு, பாக்க முடியல. காட்டுக்கோழி ஊருக்குள்ளயே நடக்குது, அதுதான் அவங்க தேசியப் பறவை, சேவலோட கொண்டை நடுவுல மஞ்சள்.

நுவரெலியா. தையல்சிட்டு அக்கா, நீங்க சொன்ன நாத்தம் சொன்னதை விட அதிகம். முதல் சாயங்காலம் பைட் த்ரஷ் கிடைச்சுது, காஷ்மீர் ஈப்பிடிப்பான் தொண்டையில ஆரஞ்சும் அதைச் சுத்தி கருப்புக் கோடும் தெளிவா தெரிஞ்சுது. ரெண்டாவது சாயங்காலம் ஆறு மணி இருக்கும், வெளிச்சம் போயிட்டு இருந்துச்சு, பார்க் மூடறாங்கன்னு விசில் அடிச்சாங்க. நான் கிளம்பலாம்னு திரும்பினேன், அம்மா என் சட்டையைப் பிடிச்சாங்க. கான் ஓரத்துல பிளாஸ்டிக் கவர், தயிர்க் கப்பு எல்லாம் கிடக்கற இடத்துல ஆறுமணிக்குருவி. காஞ்ச இலையை அலகால புரட்டிப் போடுது, ரெண்டு தத்து தத்தி நிக்குது, அந்தக் குட்டை வாலை மெல்ல மேலயும் கீழயும் ஆட்டுது. ஒரு தடவை எங்களைப் பாத்து நேரா நின்னு தலையைப் பின்னாடி சாய்ச்சு ரெண்டே ரெண்டு தடவை கூப்பிட்டுச்சு. எங்க வீட்டுக் கொல்லையில விழுந்தது இது இல்லன்னு எனக்கும் தெரியும் அம்மாவுக்கும் தெரியும். ஆனா அம்மா அழுதாங்க. "வந்து சேந்துடுதுடா"ன்னு மட்டும் சொன்னாங்க.

ஹோர்ட்டன்ல விசிலிங் த்ரஷ் குரல் கேட்டோம், இருட்டுல ஒரு நிழல் குட்டையைத் தாண்டிப் போச்சு, கைடு அதுதான்னு சொன்னார். அம்மா அதை லிஸ்ட்ல சேக்கல, சரியா பாக்கலைன்னு. மொத்தம் 34ல எங்களுக்கு 24.

---

காரமடை கௌதாரி (கோவை) | பிப்ரவரி 26

24 அருமைங்க தம்பி, எனக்கு முதல் தடவை கிடைச்சது 15தான். செண்பகம் எனக்கு ரெண்டு பயணத்துலயும் குரல் மட்டும்தான். அம்மா அந்த விசிலிங் த்ரஷ்ஷை லிஸ்ட்ல சேக்காம விட்டாங்க பாருங்க, அவங்களுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்க.

---

நெல்லை ஜூம் (பாளையங்கோட்டை) | பிப்ரவரி 27

நான் ஜனவரியில போயிட்டு வந்தேன், எனக்கு ஆந்தை கிடைக்கல. கைடு மூணு புதர் பாத்தார், மூணுலயும் இல்ல. ஸ்பீக்கர் போடட்டுமான்னு அவரே கேட்டார், வேண்டாம்னு சொல்லிட்டேன். அவர் கொஞ்ச நேரம் என்னையே பாத்துட்டு, "நல்லது சார், இந்த சீசன்ல வேண்டாம்னு சொன்ன முதல் ஆள் நீங்க"ன்னார். அப்புறம் அவர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போய் டீ குடுத்தார், வீட்டுப் பின்னாடி பலாமரத்துல தவளைவாயன் பறவை ஜோடி தூங்கிட்டு இருந்துச்சு. அது நம்ம மேற்குத் தொடர்ச்சி மலையிலயும் இருக்குன்னு தெரியும், ஆனா நான் பாத்தது அங்கதான்.

---

வங்காலைக் கொக்கு (மன்னார்) | பிப்ரவரி 27

தம்பி, அம்மாவிட்ட சொல்லுங்கோ, இங்க ஒக்டோபர் கடைசியில முதல் வாத்துக் கூட்டம் இறங்கத் தொடங்கும், ஜனவரி தான் நல்ல நிறைவு. பலாலியிலயோ (யாழ்ப்பாணத்து விமான நிலையம்) கொழும்பிலயோ இறங்கி மன்னாருக்கு வாங்கோ. காலமை வெயில் ஏற முந்தி பாலத்து ரோட்டுக்கு வரவேணும், சூரியன் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி நிக்கிற இடம் நான் காட்டுறன். ஸ்டூலை மறக்காதேங்கோ.

---

உறையூர் உள்ளான் (திருச்சி) | பிப்ரவரி 28

அண்ணா, அம்மா பக்கத்துலதான் இருக்காங்க. ஜனவரி மூணாவது வாரம், பொங்கல் முடிஞ்சதும்னு சொல்லச் சொன்னாங்க. அங்க க்ராப் ப்ளோவர் (நண்டு தின்னும் கரைப்பறவை) இருக்குமான்னு கேக்கறாங்க.

---

வங்காலைக் கொக்கு (மன்னார்) | பிப்ரவரி 28

ஓம், இருக்கும். தலைமன்னார்ப் பக்கம் கடல் வத்துற நேரம் பாத்துப் போவம்.